உறக்க மூச்சுத்தடையும் முகமூடிப் பழக்கமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துத் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் பயிற்றுவிக்கும் எம்மைப் போன்றோர் மேடையேறின், கம்பரைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ பேசுவர் என்று எதிர்பார்த்தல் இயல்பே. ஆயினும் இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் உறக்கம். அதிலும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயும், அதற்கு இக்காலத்து மருத்துவர் தரும் காற்றுக் கருவியும், அக்கருவியின் முகமூடியைப் பொருந்த அணியும் முறையுமாம். இதனைப் பேசத் தமிழாசிரியனுக்கு யாது உரிமை என்று வினவுவீராயின், யாம் மருத்துவர் அல்லேம். இந்நோய் உற்று, இக்கருவியைப் பூண்டு, ஈராண்டாக இரவுதோறும் உறங்கி வருகின்றோம் என்பதே எமக்குள்ள உரிமை.

யாம் இன்று வற்புறுத்த விரும்புவது ஒன்றே. கருவியை வாங்குதல் மருத்துவத்தின் பாதி. அதனைத் தத்தம் முகத்துக்கும் பழக்கத்துக்கும் இயையச் செய்தல் மற்றப் பாதி. இம் மற்றப் பாதி கைகூடாமையாலேயே பலர் நல்ல மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பழைய துன்பத்துள் மீண்டும் அமிழ்கின்றனர். அதனைக் கைகூட்டுவது நோயாளியின் பொறுமை மட்டுமன்று. வீட்டாரின் துணையும் சுற்றத்தாரின் பெருந்தன்மையும் ஆகும்.

குறட்டையின் உண்மை

நம் வீடுகளில் ஒருவர் உரக்கக் குறட்டை விடின், "அலுப்புத் தீர அயர்ந்து தூங்குகிறார்" என்று மகிழ்வோம். அல்லது கும்பகருணன் என்று பெயரிட்டு நகைப்போம். இவ்விரண்டும் உண்மைக்குப் புறம்பானவை. உரத்த குறட்டை நல்லுறக்கத்தின் அடையாளம் அன்று. பலரிடத்தில் அது மூச்சு வழி குறுகிவிட்டதென்னும் முறையீடே ஆகும்.

நாம் விழித்திருக்குங்கால் தொண்டையைச் சூழ்ந்த தசைகள் மூச்சு வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. எல்லார்க்கும் அவை தளர்வனவே. எனினும் கழுத்துப் பருத்தோர்க்கும், கீழ்த்தாடை சிறுத்துப் பின்னடைந்தோர்க்கும், அண்ணத்தின் மென்பகுதி தடித்தோர்க்கும், டான்சில் வீங்கியோர்க்கும் அத்தளர்ச்சியால் வழி மிகவும் குறுகுகின்றது. குறுகிய வழியே காற்றுப் புகும்போது மென்தசைகள் அதிர்ந்து எழுப்பும் ஒலியே குறட்டை. வழி முற்றும் அடைபடின், மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்றும் காற்று உட்செல்லாது நிற்கும். இங்ஙனம் பத்து விநாடியோ அதற்கு மேலோ நிற்பதனை மூச்சுத்தடை என்பர். குருதியில் பிராணவாயு குறைகின்றது. மூளை திடுக்கிட்டு உடலைச் சிறிதே எழுப்புகின்றது. பேரொலியுடன் மூச்சு மீள்கின்றது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு.

முழு அடைப்பும் குறை அடைப்புமாகச் சேர்ந்து, மணிக்கு 5 முதல் 15 முறை நிகழின் நோய் இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30க்கு மேற்படின் கடுமையானது என்று மருத்துவர் வகுத்துள்ளனர். கடுமையுற்றோன் எட்டு மணி நேரம் உறங்கினான் என்று வைத்துக்கொண்டால், ஒரே இரவில் 240 முறைக்கு மேல் மூச்சு நெரிக்கப்பட்டவனாகின்றான். வியப்பு யாதெனின், அவனுக்கு இது சிறிதும் தெரியாது. அருகில் படுத்த மனைவியே, "இப்போது மூச்சு நின்றது, இனி வருமோ வாராதோ" என்று இருளில் எண்ணிக்கொண்டு விழித்திருப்பாள்.

காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பன்முறை சிறுநீர் கழிக்க எழுதல், பகலில் தாங்கொணாத் துயில், மறதி, காரணமற்ற சினம் ஆகியன இதன் குறிகள். இரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்காதிருப்பதும் ஒரு குறியே. பருத்த உடலினர்க்கே இந்நோய் வரும் என்று எண்ணற்க. தாடையின் அமைப்பால் மெலிந்தோர்க்கும் வரும். மாதவிடாய் நின்ற பின்னர்ப் பெண்டிர்க்கும் மிகும். மதுவும் தூக்க மாத்திரையும் தசைகளை மேலும் தளர்த்தி நோயை வளர்க்கும்.

இது அரிய நோயும் அன்று. 30 முதல் 69 வயதுக்குட்பட்டோருள் உலகெங்கும் ஏறத்தாழ 93 கோடிப் பேர்க்கு இலேசாகவேனும் இந்நோய் இருக்கும் என்று 2019இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. இந்தி, வங்கத் திரைப்படங்களுக்கு இசையமைத்துப் பெரும்புகழ் பெற்ற பப்பி லாஹிரி அவர்கள் 2022 பிப்ரவரி 15ஆம் நாள் மும்பையில் தமது 69ஆம் வயதில் காலமானபோது, அவர்க்கு மருத்துவம் செய்தோர் உறக்க மூச்சுத்தடையையும் காரணமாகக் கூறினர். அன்றுதான் நம் நாட்டில் பலர் இந்நோயின் பெயரையே முதன்முறை செவியுற்றனர்.

சோம்பல் என்னும் பழி

திருவள்ளுவர் மடியின்மை என்னும் அதிகாரத்தில், கெட்டழிவோர் விரும்புவன இவை என நான்கினை எண்ணியவிடத்துத் துயிலையும் ஒன்றாக வைத்தார். அக்கருத்தை மாணவர்க்கு ஆண்டுதோறும் உரைக்கும் கடமை எமக்கு உண்டு. ஆயினும் ஒருவன் விரும்பிக் கொள்ளும் துயில் வேறு. அவன் விரும்பாதிருக்கவும் அவனை வீழ்த்தும் துயில் வேறு. முன்னது குற்றம், பின்னது நோய். இவ்விரண்டினையும் பிரித்தறியாது, நோயுற்றோன் தலையில் குற்றத்தைச் சுமத்துதல் நம் சமூகத்தில் நாள்தோறும் நிகழ்கின்றது.

கடையில் கல்லாப்பெட்டியின் முன் தலை சாய்க்கும் கணக்கரைச் சோம்பேறி என்கின்றோம். இரவுக் காவலில் கண்ணயர்ந்தவனை வேலையினின்று நீக்குகின்றோம். வண்டி ஓட்டும் இளைஞன் திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு கணம் கண்ணிமை மூடின், அவனோடு அவ்வண்டியில் உள்ளோர் அனைவரும் மாள நேரும். அப்போதும் "குடித்திருப்பான்" என்றே ஊர் பேசும். எம்மைப் பற்றிக் கூறின், பிற்பகல் வகுப்பில் நின்று பாடம் சொல்லும்போதே கண் செருகும். ஆசிரியர் அறையில் இதனைக் கண்டோர், "ஐயா பள்ளிக்கூடத்துக்கு ஓய்வெடுக்க வருகிறார்" என்று நகையாடினர். இரத்த அழுத்தத்துக்கு மருந்து தந்த மருத்துவர், எம் மனைவியாரை அழைத்து வினவிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் ஓரிரவு மூக்கில் குழாயும், விரலில் கவ்வியும், மார்பில் பட்டையும் பூட்டிச் சோதித்ததில், மணிக்கு 42 முறை மூச்சுத் தடைப்படுவதாகக் கண்டனர். அன்று எமக்கு அச்சத்தினும் ஆறுதலே மிகுந்தது. பன்னாள் சுமந்த பழிக்கு உடலில் ஒரு காரணம் உண்டென்று அறிதலும் ஒருவகை விடுதலையன்றோ?

கருவி தோன்றிய வரலாறு

1965இல் பிரான்சு நாட்டினரும் ஜெர்மானியரும் தனித்தனியே ஆராய்ந்து, உறக்கத்தில் தொண்டை அடைபடுவதே இத்துன்பத்தின் மூலம் என்று கண்டனர். 1976இல் அமெரிக்காவிலிருந்த கில்லெமினோ என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் இதனைத் தனி நோயாக வகுத்து எழுதினர். ஆயினும் அக்காலத்துக் கடுமையான நோயாளிக்கு உறுதியாகப் பயன்பட்ட மருத்துவம் ஒன்றே இருந்தது. கழுத்தில் துளையிட்டு, அடைபடும் இடத்துக்குக் கீழே மூச்சுக்குழாய் பொருத்துவது அது. உயிர் காக்கும், ஆயினும் கொடிது.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன் 1980இல் வேறொரு வழி கண்டார். மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்துடன் காற்றை இடைவிடாது செலுத்தின், அக்காற்றே தொண்டைச் சுவரைத் தாங்கி நிற்கும் என்பது அவர் கருத்து. நம் வயல்களில் மோட்டாரினின்று நீர் கொண்டு செல்லும் துணி ஓசைக் காணாதார் இல்லை. நீரோட்டம் உள்ளவரை அது விரிந்து நிற்கும். மோட்டார் நின்றால் சப்பையாகிப் படுத்துவிடும். தொண்டையும் அத்தகையதே, உள்ளிருந்து தாங்கும் அழுத்தம் இருப்பின் அது சரிந்து மூடாது. ஐந்து நோயாளிகளிடத்து இதனைச் சோதித்து, 1981இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் அவர் வெளியிட்டார். தொடர்ந்த நேர் காற்றழுத்தம் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைக் கூட்டி, இதனைச் 'சீபேப்' என்று வழங்குவர்.

அக்காலத்து முகமூடியின் நிலையை நினைத்தல் தகும். ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்செடுத்துத் தனித்தனியே முகமூடி செய்தனர், இரவுதோறும் அதனை முகத்தில் பசையிட்டு ஒட்டினர், காலையில் உரித்தெடுத்தனர். காற்றூதும் பொறியோ பெரும் இரைச்சல் உடையது. இத்துணைத் துன்பத்தையும் பொறுத்து அம்முதல் நோயாளிகள் அதனை அணிந்தனர் எனின், நல்லுறக்கம் எத்துணை இனியதாய் அவர்க்குத் தோன்றியிருத்தல் வேண்டும்! இன்றைய முகமூடி மென்மையான சிலிக்கானால் ஆயது. கருவியின் ஒலி மின்விசிறியின் ஒலியினும் தாழ்ந்தது.

ஓர் ஐயத்தையும் இங்கே களைதல் வேண்டும். இக்கருவி தருவது பிராணவாயு அன்று. அறையில் உள்ள காற்றையே வடிகட்டி அழுத்தத்துடன் அனுப்புகின்றது. அவ்வழுத்தம் பெரும்பாலும் 4 முதல் 20 செண்டிமீட்டர் நீரின் அளவுக்குள் அமையும். எவ்வளவு வேண்டும் என்பதனைச் சோதனையால் மருத்துவரே வகுத்தல் வேண்டும். அண்டை வீட்டார் அளவு நமக்கு ஆகாது.

முகமூடி பொருந்துமாறு

முகமூடி மூவகைப்படும். நாசித் துளைகளின் வாயிலில் மட்டும் இரு சிறு குமிழ்களாய்ப் பொருந்துவது ஒன்று; மூக்கை மட்டும் கவிவது ஒன்று; மூக்கையும் வாயையும் சேர்த்துக் கவிவது ஒன்று. வாய் மூடி மூக்கால் மூச்சு விடுவோர்க்கு முதலிரண்டும் தகும். மூக்கடைப்பு நீங்காதோர்க்கும், வாய் திறந்து உறங்குவோர்க்கும் மூன்றாவது வேண்டப்படும். பேரளவு உடையது சிறந்தது, சிற்றளவு உடையது தாழ்ந்தது என்னும் கணக்கு இங்கே இல்லை. அவரவர் மூக்கின் அகலமும், மூக்குத்தண்டின் உயரமும், கன்னத்தின் அமைப்புமே அளவுகோல்.

யாம் முதன்முறை வாங்கச் சென்ற கடையில், நாற்காலியில் இருத்தி, காற்றுச் செலுத்தாமலே முகமூடியை மாட்டி, "பொருத்தமாக இருக்கிறது சார்" என்று கூறி அனுப்பினர். அமர்ந்திருக்கும் முகம் வேறு. படுத்த முகம் வேறு. படுத்தபோது கன்னத் தசை சரியும்; தலையணை வாரைத் தள்ளும்; காற்று ஏறியபின் விளிம்பு உப்பும். ஆகலின் முகமூடியைத் தேர்வோர், படுத்த நிலையில், தமக்கு வகுத்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, மல்லாந்தும் ஒருக்களித்தும் பார்த்த பின்னரே விலை கொடுத்தல் வேண்டும். மாற்றித் தர இசையும் கடையினையே நாடுக.

காற்றுக் கசியின் பெரும்பாலோர் உடனே வாரை இறுக்குகின்றனர். இது செய்யத்தகாதது. முகமூடியின் சிலிக்கான் விளிம்பு காற்றினால் உப்பித் தோலின்மேல் மிதந்து நிற்குமாறு அமைக்கப்பட்டது. இறுக்கினால் அது மடிந்து, கசிவு மிகுவதோடு மூக்குத்தண்டில் புண்ணும் உண்டாகும். செய்யத்தக்கது யாதெனின், காற்று ஓடும்போதே முகமூடியைச் சிறிது முன்னிழுத்து, விளிம்பு விரியவிட்டு, மெல்ல மீண்டும் அமர்த்துவதாம். வார்க்கும் தோலுக்கும் இடையே விரல் எளிதாக நுழையும் அளவே இறுக்கம் போதும். கசிவு கண்ணை நோக்கி வீசின் கண் உலர்ந்து சிவக்கும். அதனைப் பொறுத்துக்கொள்ளாது அளவையேனும் வகையையேனும் மாற்றுக.

நம்மவர்க்கே உரிய சில செய்திகளும் உள. மீசை நம் ஆடவர்க்கு அழகென்பதனை மறுப்பாரில்லை. ஆயினும் அடர்ந்த மீசையின்மேல் மூக்கு முகமூடியின் விளிம்பு படியாது. மீசையைக் குறைக்க மனமில்லாதோர், நாசித் துளையில் பொருந்தும் குமிழ் வகையினை மருத்துவரிடம் கேட்டறிக. பெண்டிர் மூக்குத்தியின் மேல் விளிம்பு அமரின் அங்கே கசியும், அழுந்திப் புண்ணுமாகும். இரவில் கழற்றிவைத்தல் நன்று. மூக்குத்தியைக் கழற்றலாகாதென்று அப்பத்தா தடுப்பின், உயிர் காக்கும் பொருட்டுக் கழற்றுவதனால் குறை ஒன்றுமில்லையென்று எடுத்துரைக்க. தலைக்கும் முகத்துக்கும் தேங்காயெண்ணெய் பூசிப் படுப்பது சிலிக்கானை வழுக்கச் செய்து விரைவிற் கெடுக்கும். ஆகவே படுக்குமுன் முகத்தைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்து, நெற்றியில் உள்ள திருநீற்றையும் சந்தனத்தையும் நீக்கியபின் அணிதல் வேண்டும்.

முகமூடியின் முன்புறத்தில் சிறு துளைகள் காணப்படும். நம் ஊரில் ஒருவர் அவற்றை ஓட்டையென்று கருதிப் பிளாஸ்திரி ஒட்டி அடைத்திருந்தார். அவை நாம் வெளிவிடும் கெட்ட காற்றுப் போதற்கென்று இட்ட வழிகள், ஒருபோதும் அடைக்கலாகாது. சில முகமூடிகளின் வார்களில் காந்தக் கொக்கிகள் உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தோரும், அத்தகையோரின் அருகே உறங்குவோரும் இதனை மருத்துவரிடம் கூறிக் காந்தமில்லாததனைக் கொள்ளுக.

பழகும் முறை

சித்தன்னவாசல் குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டத்தை நம்மிற் பலர் கண்டிருப்பீர். ஆங்கே சமண முனிவர்க்கென்று வழவழப்பாகச் செதுக்கிய பதினேழு கற்படுக்கைகள் உள்ளன; தலைப்பக்கம் உயர்த்தித் தலையணையும் கல்லிலேயே அமைத்துள்ளனர். அக்கல்லின்மேல் மனிதர் உறங்கிப் பழகினர் என்பது பழக்கத்தின் ஆற்றலைக் காட்டும். எனினும் அங்கே கல் மனிதனுக்காக இளகாது. மனிதனே கல்லுக்கு இசைந்தான். நம் கருவியோ அவ்வாறன்று. பாதி நாம் இசைய, பாதி அதனை நமக்கு இசைவிக்கலாம்.

முதலிரவிலேயே எட்டு மணி நேரம் அணிந்து உறங்குவோம் என்று எவரும் முனைய வேண்டா. மூச்சடைப்பது போன்ற அச்சம் பலர்க்கு எழும். அதனை நீக்கும் வழி பகலிலேயே உள்ளது. முதற்கண் விழித்திருக்கும்போது, குழாய் பூட்டாத முகமூடியைக் கையாற் பிடித்து முகத்தில் சில நிமிடம் வைத்து எடுக்க. அடுத்த நாள் வாரையும் பூட்டுக. பின்னர்க் குழாயை இணைத்துக் காற்றை விட்டு, நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாளோ நூலோ படித்துக்கொண்டு அரைமணி நேரம் இருக்க. அதன்பின் பகற்பொழுதில் சிறுதுயில், அதன்பின் இரவு. யாம் இம்முறையில் பழகப் பதினெட்டு நாள் ஆயிற்று. விரைவிற் பழகுவோரும் உளர்; இரண்டு மூன்று திங்கள் வேண்டுவோரும் உளர்.

தொடக்கத்தில் மெல்லிய காற்றாய்ப் புறப்பட்டுச் சிறிது சிறிதாய் உயரும் ஏற்பாடு கருவியிலேயே உண்டு; அதனை அமைத்துக்கொள்க. மூக்கு உலர்ந்து எரியின் ஈரம் ஊட்டும் நீர்க்கலத்தின் அளவை உயர்த்துக. காலையில் வாய் மிக உலர்ந்திருப்பின், இரவில் வாய் திறந்து காற்று வெளியேறுகின்றது என்று உணர்ந்து, மருத்துவரிடம் கூறித் தாடைப்பட்டையோ வாயையும் கவியும் முகமூடியோ பெறுக. வயிறு காற்றால் உப்புமாயின் அழுத்தத்தைத் திருத்த வேண்டியிருக்கலாம். அதுவும் மருத்துவர் செயலே. நள்ளிரவில் தம்மையறியாமல் முகமூடியைக் கழற்றிவிட்டோர், விழித்தவுடன் "இன்றைக்குப் போதும்" என்று விடாது, மீண்டும் அணிந்து உறங்குக.

எத்துணை நேரம் அணிவது என்பதே தலையாய வினா. 2016இல் வெளிவந்த பேராய்வு ஒன்று இதற்குப் பாடமாகும். இதய நோயோ மூளைக் குருதிக்குழாய் நோயோ முன்னரே உற்றிருந்த 2,717 பேரை இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் ஆராய்ந்தனர். கருவி பெற்றோர் இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரமே அதனை அணிந்தனர். அவர்க்குப் பகற்றுயிலும் மனச்சோர்வும் குறைந்தன. ஆயினும் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகக் காணவில்லை. ஆகலின் இக்கருவி எல்லா நோயையும் மாற்றும் மந்திரக்கோல் என்று யாம் கூறமாட்டோம். உறங்கும் நேரமெல்லாம் மூச்சுத்தடை நிகழுமாயின், உறங்கும் நேரமெல்லாம் கருவி முகத்தில் இருத்தல் வேண்டும் என்பதே அறிவுக்குப் பொருந்துவது. பருத்தோர் உடலெடையைக் குறைத்தலும், மதுவை ஒழித்தலும், ஒருக்களித்துப் படுத்தலும் உடன் செய்யத்தக்கன. எடை குறைந்தபின் மீண்டும் சோதித்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டோரும் உண்டு.

நம் ஊர்க்குரிய இடையூறுகள்

இக்கருவி மின்சாரத்தை நம்பியது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது, ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு முதலிய இடங்களில் தென்னையும் பலாவும் சாய்ந்ததோடு மின்கம்பங்களும் வீழ்ந்தன. பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. அத்தகைய காலத்துக்கு முன்னேற்பாடு வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டார், கருவியை அத்துடன் இணைக்குமாறு மின்வினைஞரிடம் கூறுக. நீர்க்கலத்தின் சூட்டை நிறுத்தின் மின்செலவு பெரிதும் குறைந்து பேட்டரி நெடுநேரம் வரும். அதுவும் இல்லாத இரவில், ஓடாத கருவியின் முகமூடியை அணிந்து உறங்கலாகாது. வெளிவிட்ட கெட்ட காற்றையே மீண்டும் உட்கொள்ள நேரும். அதனைக் கழற்றிவிட்டு, தலைமாட்டை உயர்த்தி, ஒருக்களித்துப் படுப்பதே தக்கது.

நம் ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர் பல இடங்களில் உப்பு மிக்கது. அதனை நீர்க்கலத்தில் இட்டால் வெள்ளைப் படிவம் கட்டும். காய்ச்சி ஆற்றிய நீரும் இதற்குப் போதாது. காய்ச்சினால் கிருமி சாகுமேயன்றி உப்பு நீங்காது. காய்ச்சி வடித்த நீரையே வாங்கி இடுக. எஞ்சிய நீரைக் காலைதோறும் கொட்டிக் கலத்தை உலர்த்துக. முகமூடியின் விளிம்பை நாள்தோறும் மென்சோப்பால் கழுவி நிழலில் உலர்த்துக, வெயிலில் இடற்க. குழாயை வாரம் ஒருமுறை கழுவித் தொங்கவிடுக. எறும்பு புகாவண்ணம் வாயைத் தூய துணியால் மூடுக. கோடையில் புழுதி மிகும் நம் ஊரில் வடிகட்டியை அடிக்கடி நோக்கிக் கழுவவோ மாற்றவோ செய்க.

பாயிற் படுப்போர் கருவியை வெறுந்தரையில் வைப்பின் அது தூசியை உறிஞ்சும். தலைமாட்டுக்கு மேல் உயரத்தில் வைப்பின் குழாயில் கோத்த நீர் முகத்தை நோக்கி வழியும். நான்கு விரல் உயரமுள்ள பலகையே நன்று. மார்கழிக் குளிரில் குழாயினுள் நீர் கோக்குமாயின், குழாய்க்குத் துணியுறை தைத்து இடுக.

பிறர் பயன்படுத்திய கருவியை மலிவாகக் கிடைக்கின்றதென்று வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 2021 ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம், தன் கருவிகள் பலவற்றில் ஒலியடக்க இட்ட நுரைப்பொருள் சிதைந்து காற்றோடு கலக்கக்கூடும் என்று அறிவித்து, உலகெங்கும் பல இலட்சம் கருவிகளைத் திரும்பப் பெற முற்பட்டது. அவற்றுள் ஒன்று கைமாறி நம்மிடம் வாராதென்பது யாது நிச்சயம்? கருவியின் வகையையும் எண்ணையும் விசாரித்தறிந்த பின்னரே வாங்குக. முகமூடியோ எப்போதும் புதிதாகவே இருத்தல் வேண்டும்.

வீட்டாரும் சங்கமும் செய்யத்தக்கன

யாம் முதன்முதல் முகமூடி அணிந்த இரவில் எம் இளைய மகள் அதனை யானைத் துதிக்கை என்றாள், யாமும் நகைத்தோம். குழந்தையின் நகை தீங்கற்றது. ஆயின் வளர்ந்தோர் நகையினால் இம்மருத்துவத்தைக் கைவிட்டோர் பலர். திருமண வீடுகளை நோக்குமின்! உறவினர் பலரும் மண்டபத்தில் வரிசையாகப் படுக்கின்றனர். கருவி பூணும் உறவினர், "நாலு பேர் பார்ப்பார்களே" என்று நாணி அதனை வீட்டிலேயே விட்டுவந்து, இரவெல்லாம் மூச்சுத் திணறி, மறுநாள் வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் திரும்புகின்றார். மூக்குக்கண்ணாடி அணிவோரை நாம் நகைக்கின்றோமா? கண்ணுக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று, வேற்றுமை யாது? இனி நம் இல்லத் திருமணங்களில், அழைப்பவரே முன்வந்து, "மாமா, உங்கள் மெஷினுக்குப் பிளக் பக்கத்திலேயே இடம் போட்டிருக்கிறோம்" என்று கூறும் நாள் வருதல் வேண்டும்.

பெண் கொடுக்கும் இடத்தும் கொள்ளும் இடத்தும் இந்நோயை மறைத்தல் வேண்டா. மறைத்த குறட்டை மணவறை கடந்த முதலிரவிலேயே வெளிப்பட்டுவிடும். மறைத்த கருவியோ அணியப்படாமல் உயிருக்கே ஊறு செய்யும். கருவி பூணுபவன் நோயை அடக்கி வாழ்பவன். அஞ்சத்தக்கவன் நோயிருந்தும் அறியாதவனே.

நம் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, கருவியின் விலை பல பதினாயிரம் ரூபாய் ஆதலின், எளியோர் வாங்கித் தோற்பின் அவர்க்குப் பேரிழப்பு. சங்கம் நற்கருவி ஒன்றோ இரண்டோ வாங்கி வைத்து, மருத்துவர் சீட்டுடன் வருவோர்க்குப் பழகும் காலத்துக்கு இரவல் தருதல் வேண்டும். முகமூடியும் குழாயும் அவரவர் உடைமையாகட்டும். அழுத்தத்தை ஒவ்வொருவர்க்கும் அவர்தம் மருத்துவரே அமைக்கட்டும். இரண்டாவது, இக்கருவியில் பழகினோர் தம் பெயரைச் சங்கத்தில் பதிவு செய்து, புதிதாய் அணிவோர் இல்லத்துக்கு ஒருமுறை சென்று, முகமூடியை அமர்த்தும் முறையைக் காட்டுதல் வேண்டும். ஏட்டைப் படித்து அறியாததனை ஒரு கை காட்டி உணர்த்திவிடும். அப்பட்டியலில் எம் பெயரை முதலில் எழுதிக்கொள்க. மூன்றாவது, லாரியும் பேருந்தும் ஓட்டும் நம் இளைஞரை, குறட்டையும் பகற்றுயிலும் உண்டாயின், நாணாது மருத்துவரிடம் செல்லுமாறு பெரியோர் தூண்டுதல் வேண்டும். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. முதலில் ஆங்குள்ள மருத்துவரைக் கண்டு, சோதனைக்கு எங்குச் செல்வது என்று அறிவுரை பெறலாம்.

அன்பர்களே! உறக்கம் உழைப்பவனுக்கு இயற்கை தரும் கூலி. அக்கூலி இரவுதோறும் களவு போகவும், இழந்தவனையே சோம்பேறி என்று நாம் ஏசுதல் முறையாகுமா? இன்றிரவு வீடு சென்றதும், அருகில் உறங்குவோரின் மூச்சைச் சிறிது செவிகொடுத்துக் கேளுங்கள். குறட்டை ஓங்கி, இடையே அற்று, மீண்டும் திணறி எழுமாயின், காலையில் அவரை நகையாதீர். கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருவி வந்தபின் அது முகத்தில் அமரும்வரை உடனிருங்கள்.